பலகைக்கல்லுக்கு நேர்ந்த கடா

ஆரணியில் எங்கள் தெருவில் ஆடு வளர்க்கக் கூடாது என்று ஆனதற்குக் காரணம் கஞ்சி. விடியற்காலையில் தெரு நீளத்துக்குப் தறிக்கான பட்டுப் பாவு நூலை இழுத்துக் கட்டி, இழை விறைப்பாக நிற்கக் கஞ்சி தெளித்துக் காயவைப்பார்கள். என் வெள்ளாடு ஒன்று கயிற்றை அறுத்துக்கொண்டு போய் அந்தக் கஞ்சியை நக்கியது. நக்கினதோடு விடாமல் இழையையும் மென்றது. பாவுக்குச் சொந்தக்காரர் வீட்டில்தான் நான் காலை வேளையில் தறியில் குறுக்கே ஓடும் நாடாவுக்கு நூல் சுற்றிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அவர் சத்தம் போடவில்லை.

"ஒண்ணு தெருவுல ஆடு இருக்கணும், இல்லாட்டி தறி இருக்கணும். ரெண்டுல எதுன்னு நீயே சொல்லிடு தங்கச்சி" என்றார்.

நான் தலையை ஆட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்கும் தெரிந்திருக்காது, எனக்கும் தெரியாது. வெளி ஆள் முன்னால் வாய் திறப்பது சின்ன வயதிலிருந்தே எனக்கு வராது. ஐந்தாவது வரை படித்த பள்ளிக்கூடத்தில்கூட, ஆஜர் சொல்லும்போது பக்கத்துப் பெண்தான் எனக்கும் சேர்த்துச் சொல்வாள்.

அன்று சாயங்காலமே ஆடுகளை ஊருக்கு வெளியே, பெரணமல்லூர் சாலையில் இருக்கும் என் கொழுந்தன் வீட்டுக்கு ஓட்டிப்போய்விட்டோம். இது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். அங்கே கொழுந்தன் வீட்டுக்குப் பின்னால் கல்மேடு என்று ஒரு வெளி உண்டு. படுத்த கன்றுக்குட்டி அளவுக்குக் கற்கள், வட்டம் வட்டமாக மண்ணில் புதைந்து கிடக்கும். ஒரு வட்டத்தின் நடுவே மட்டும் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பலகைக்கல் நிற்கும். இரண்டு பக்கமும் தோள் மாதிரி வளைந்திருக்கும், தலை இருக்காது, முகம் இருக்காது. மஞ்சளை அரைத்துப் பூசி, குங்குமத்தால் கண்ணும் வாயும் எழுதினால் பலகைக்கல் அம்மன். அந்தப் பூசை என் மாமனார் செய்துவந்தது. என் வீட்டுக்காரருக்குத் தறியை விட்டு எழுந்திருக்க நேரம் கிடையாது என்று தம்பிக்குப் போயிற்று.

காலையில் நூல் சுற்றல், மத்தியானத்துக்கு மேல் ஆடு மேய்ச்சல். நான்கைந்து பெண்கள் அங்கே ஆடு ஓட்டிவருவோம். ஒருத்தி மாடும் கொண்டுவருவாள். குட்டிகள் கல்லுக்குக் கல் தாவும். மாடு முதுகரிப்பெடுத்தால் கல்லில் தேய்த்துக்கொண்டு கண்ணை மூடி நிற்கும். வெயில் ஏறினால் பலகைக்கல்லின் நிழலில் ஆடுகள் வரிசையாகப் படுத்து அசைபோடும். நிழல் நகர்ந்தால் அவையும் நகரும். அம்மன் கோவிலில் ஆடு படுப்பதை யாரும் தப்பாகச் சொன்னதில்லை.

என் மகளை வந்தவாசிப் பக்கம் கட்டிக்கொடுத்திருந்தேன். இரண்டு தடவை உண்டாகி இரண்டும் தங்கவில்லை. மூன்றாவது தடவை உண்டானபோது எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில் ஒரு மத்தியானம் என் ஆடு ஒன்று பலகைக்கல்லின் காலடியிலேயே குட்டி போட்டது. கறுப்புக் கடா, நெற்றியில் மட்டும் வெள்ளை. மகள் வயிற்றில் இருப்பது நல்லபடியாகப் பிறந்து தங்கினால் இந்தக் கடா உனக்கு அம்மா என்று மனதுக்குள்ளேயே சொல்லிவிட்டேன். பூசாரி என்பதால் கொழுந்தனிடம் மட்டும் போய்ச் சொன்னேன். அவர் கடாவின் காது நுனியைக் கத்தரித்து அடையாளம் போட்டார்.

"அண்ணி, இனிமே இது ஒன்னுது இல்ல. கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, எங்க மேஞ்சாலும் வெரட்டக் கூடாது. வெட்ற நாள் வரிக்கும் இது இஷ்டந்தான்."

கடா முட்டிக்கொண்டு வளர்ந்தது. மகளுக்கு மாதம் ஏறிக்கொண்டிருந்தது. அப்போதுதான் ஜீப் வந்தது.

வந்தவர்கள் டேப்பை இழுத்து அளந்தார்கள், படம் பிடித்தார்கள். பிறகு கல் கம்பம் நட்டு, முள்கம்பி இழுத்து, நீல நிறத்தில் ஒரு போர்டு வைத்தார்கள். ஆள் இல்லாத நேரத்தில் எழுத்துக் கூட்டிப் படித்துப் பார்த்தேன். இது பாதுகாக்கப்பட்ட சின்னம், சேதப்படுத்தினால் தண்டனை என்று இருந்தது. மாட்டுக்காரிக்கு அதைச் சொன்னேன்.

"சின்னமா? எந்தக் கட்சிக்காம்?" என்றாள் அவள்.

சிரித்தோம். ஆனால் மறுநாள் போனால் கொழுந்தன் காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கையில் கோலோடு வேலி வாசலில் நிற்கிறார்.

"அண்ணி, ஆட்ட அந்தாண்ட ஓட்டு."

"இன்னா தம்பி இது வேஷம்? போன வெள்ளிக்கெழம நீதான இங்க பூசை போட்ட?"

"போன வெள்ளிக்கெழம பூசாரி. இன்னிக்கு வாட்ச்மேன். ரெண்டும் ஒரே வயித்துக்குத்தான், இன்னா பண்ண சொல்ற?" என்றார். குரலைத் தணித்து, "இது கோயில் இல்லியாம் அண்ணி. சமாதியாம். எந்தக் காலத்து மன்சாளோ, செத்தவங்கள அடியில வச்சி மேல வட்டமா கல்லு போட்டுக்கிறாங்களாம். ஆடு மாடு ஏறி ஏறி கல்லு சாயுதாம். மஞ்சா குங்குமம் எண்ணெ எதுவும் கூடாதாம். என்னியே கழுவச் சொல்லிட்டாங்க" என்றார்.

"கழுவிட்டியா?"

"அம்மனுக்கு மூஞ்சி கழுவி வுட்றன்னு நெனச்சிகினு கழுவனன். கழுவி முடிச்சி பாத்தா மூஞ்சியே இல்ல."

நானும் எட்டிப் பார்த்தேன். வெறும் சாம்பல் நிறக் கல். அதுவரைக்கும் அம்மன் என்றால் எனக்கு அந்தக் குங்குமக் கண்தான். அது போனபிறகு எதைப் பார்த்துக் கும்பிடுவது என்று தெரியவில்லை. செத்தவர்களின் சமாதி என்றால் நான் கடா நேர்ந்துகொண்டது யாருக்கு? முன்பின் தெரியாத பிணத்துக்கா? வீட்டுக்காரரிடம் கேட்டேன். தறியிலிருந்த பாவைப் பார்த்துக்கொண்டே, "நேந்துகினது நேந்துகினதுதான். யாருக்கா இருந்தா இன்னா" என்றார். அது பதிலா இல்லையா என்பதும் விளங்கவில்லை.

ஆடுகளெல்லாம் வேலிக்கு வெளியே சாலையோரம் மேய்ந்தன. கடா மட்டும் கம்பிக்கு அடியில் முழங்காலை மடக்கி நுழைந்து உள்ளே போய்விடும். அது பிறந்த இடம் அல்லவா. கொழுந்தன் கோலை ஓங்குவார். ஓங்கின கை அப்படியே நின்றுவிடும். நேர்ந்த கடாவை விரட்டக் கூடாது என்று எனக்குச் சொன்னதே அவர்தான். கோலைக் கீழே போட்டுவிட்டு, "போ சாமி, வெளிய போ சாமி" என்று கெஞ்சுவார். அது காதை ஆட்டிக்கொண்டு மேயும்.

மாட்டுக்காரி சும்மா இருப்பாளா? "ஏன் வாட்ச்மேனு, எங்க மாடு போனா கவர்மெண்டு நெலம், ஒங்க அண்ணி கடா போனா மாமியார் வூடா?"

"அது சாமி கடா."

"சாமியே இல்லன்னு போர்டு வச்சிக்கிறீங்க. அப்பால சாமி கடா எங்கேர்ந்து வந்துச்சி?"

கொழுந்தன் திரும்பி என்னைப் பார்ப்பார். நான் தள்ளி நிற்கும் புளியமரத்தைப் பார்ப்பேன்.

மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. தங்கியது. அழுதது, பால் குடித்தது, கவிழ்ந்தது, தவழ்ந்தது. நான் பலகைக்கல்லைக் கம்பிக்கு வெளியே நின்று கும்பிட்டேன். அது கல்லா, சமாதியா, அம்மனா என்பது ஒரு பக்கம் இருக்க, கேட்டதைக் கொடுத்துவிட்டதே. கடன் என் மேல் ஏறிவிட்டது.

நேர்ச்சையை மகளிடம் சொன்னேன், அது அவள் மாமியார் காதுக்கும் போயிற்று. குழந்தைக்கு முதல் மொட்டை போடுவதற்கு முன்னால் கடாவைக் கொடுத்துவிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். நேர்ச்சையை மிச்சம் வைத்துக்கொண்டு முடி இறக்கக் கூடாது என்பது அவர்கள் பக்கத்து வழக்கம். வேலிக்குள் வெட்ட முடியாதே என்று நாங்கள் தள்ளிப்போட, முடி வளர்ந்தது. சிக்குப் பிடித்தது, பேன் வைத்தது. குழந்தைக்கு ஜுரம் வந்தால் மாமியார் என் மகளைத்தான் பார்ப்பாராம். "ஒங்கம்மா நேந்துகின நேர்ச்சைக்கு எம் பேத்தி படுது" என்று சொல்வாராம். மகள் ஆரணிக்கு வரும்போதெல்லாம் குழந்தையின் தலையை மடியில் வைத்து ஈர்கொல்லியால் வாரிக்கொண்டே அழுவாள். நான் இதற்கு ஒரு முடிவு செய்யாமல் அவளுக்கு அந்த வீட்டில் நிம்மதி இல்லை.

இதற்கிடையில் கல்மேட்டில் வேறொன்று நடந்தது. ஆடு மாடு போகாத இடத்தில் இரண்டு மழைக்குள் உன்னிச்செடியும் கருவேலமும் ஆள் மறையும் அளவுக்கு வந்துவிட்டன. வட்டமும் தெரியவில்லை, கல்லும் தெரியவில்லை. ஒரு வட்டத்தில் வேர் புகுந்து கல்லையே ஒரு பக்கமாகத் தூக்கிவிட்டிருந்தது. ஆடு ஏறி மிதித்தால் கல் சாயும் என்றார்கள். ஆடு இல்லாமலும் சாய்கிறதே என்று எனக்கு ஒரே குழப்பம். பலகைக்கல்லைச் சுற்றி மட்டும் தரை தெரிந்தது. கடா அங்கேதான் கிடக்கும்.

அந்த நேரத்தில் புது ஆபீசர் ஒருவர் ஜீப்பில் வந்தார். முன்னால் வந்தவர் இல்லை, வயதில் சின்னவர். அவர் வேலிக்குள் நுழையும்போது, பலகைக்கல்லின் வெடிப்பில் முளைத்திருந்த அரசங்கன்றைக் கடா முன்னங்காலைத் தூக்கி நின்று இழுத்துத் தின்றுகொண்டிருந்தது. நான் புளியமரத்துக்குப் பின்னால் போய்விட்டேன். கொழுந்தன் அட்டென்ஷனில் நின்றார்.

"இது யாரோட ஆடு?"

"சாமிது சார்."

"எந்த சாமி?"

கொழுந்தனின் கை தானாகப் பலகைக்கல் பக்கம் போனது. பாதியில் நினைவு வந்து அப்படியே மேலே தூக்கி வானத்தைக் காட்டினார். ஆபீசர் வானத்தைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார், சிரித்துவிட்டார்.

"சரி, கீழ யாரு பாத்துக்கிறாங்க?"

என்னைக் கூப்பிட்டார்கள். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். தண்டனை என்று போர்டில் படித்தது மட்டும் தலைக்குள் ஓடியது. அவர் கோபமாகப் பேசவில்லை. குத்துக்காலிட்டு உட்கார்ந்து வேர் தூக்கின கல்லைத் தடவிக்கொண்டே பேசினார். இந்தச் செடியைக் கத்தி போட்டு வெட்டினால் கல்லில் வெட்டு விழும், பிடுங்கினால் வேரோடு கல் அசையும், கொளுத்தினால் சூட்டில் கல் பிளக்கும் என்றார். ஆடு கடித்தால் கல்லுக்கு ஒன்றும் ஆகாது, தளிரிலேயே நின்றுவிடும். மாடு உள்ளே வரவே கூடாது, அது தேய்த்தால் கல் சாய்ந்துவிடும். மழைக்குப் பிறகு சில ஆடுகளை மட்டும், கல் மேல் ஏறாமல் ஆள் நின்று மேய்க்கட்டும். இதெல்லாம் அவர் சொன்னது. ஆடு என்றால் கெடுதல் என்று கம்பி போட்டவர்களும் அவர்கள்தான், ஆடு வேண்டும் என்கிறவரும் அவர்தான். ஆனாலும் அவர் சொன்னதில் பொய் இருப்பதாகத் தெரியவில்லை. வேரைக் கண்ணால் பார்த்தேனே.

கொழுந்தனிடம் மெல்ல, "சமாதியா கோயிலான்னு கேளு தம்பி" என்றேன். அவர் கேட்டார்.

"சமாதிதாம்மா. கும்பிடணும்னா கும்பிடுங்க, யாரு வேணான்னாங்க? எண்ணெ ஊத்தாதீங்க, கல்ல தொடாதீங்க, இங்க பலி கிலின்னு எதுவும் வேணாம்." எழுந்தவர் கடாவைப் பார்த்தார். "இந்த ஆடு நல்லா வேல செய்யுது. இது இங்கயே இருக்கட்டும். வித்துடாதீங்க, வெட்டிடாதீங்க. சரியாம்மா?"

நான் தலையை ஆட்டிவிட்டேன்.

ஜீப் போனதும் கொழுந்தன் என்னைப் பார்த்துக் கத்தினார். "இன்னாத்துக்கு அண்ணி ஆட்டன? அந்தாண்ட அம்மனுக்கு வெட்றன்னு சொல்லிக்கீற, இந்தாண்ட ஆபீசருக்கு வெட்டலன்னு சொல்லிட்ட. ஒரு கடாவ ரெண்டு பேருக்கு எய்தி குடுத்துட்ட போ!"

நான் என்ன செய்ய? அவர் கேட்டதும் தலை தானாக ஆடிவிட்டது.

மகளின் மாமியார் இதையெல்லாம் கேட்டுக்கொள்ளவில்லை. வேறு கடா வாங்கி வேறு கோவிலில் வெட்டிவிடலாமா என்று கேட்டுப்பார்த்தேன், அதுவும் மகள் மூலமாக. "காதுல அடையாளம் போட்டது ஒண்ணு, வெட்றது வேறயா? அம்மன ஏமாத்த ஒங்கம்மாவுக்குத்தான் தைரியம்" என்று பதில் வந்தது. கடைசியில் கொழுந்தன்தான் வழி சொன்னார். உள்ளே வெட்டினால்தான் சட்டப்படி தப்பு. கம்பிக்கு வெளியே, கல்லைப் பார்த்தாற்போல் வைத்துச் செய்தால் அவருக்கும் வேலை போகாது, அம்மனுக்கும் கண்ணுக்கு முன்னால் நடந்த மாதிரி இருக்கும். ஆபீசரிடம் நான் தலையாட்டியதைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை. ஆனால் ராத்திரியெல்லாம் அது என்னை அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. சம்பந்தி வீட்டார் ஆட்டோ பிடித்து வந்தார்கள். மொட்டை அடிப்பவர் கத்தியைத் தீட்டி வைத்துவிட்டார். தாய்மாமன் என்று என் மகன் மடியில் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். கடாவைக் கட்டி இழுக்கக் கூடாது என்பதால் மகள் அகத்திக்கீரையைக் காட்டிக் காட்டிக் கம்பிக்கு வெளியே வரவழைத்தாள். கழுத்தில் மாலை போட்டார்கள். கொழுந்தன் காக்கிச் சட்டையைக் கழற்றிக் கம்பத்தில் மாட்டிவிட்டு, வேட்டியோடு வந்து மஞ்சள் தண்ணீரைக் கடாவின் தலையிலும் முதுகிலும் ஊற்றினார்.

ஊற்றினால் கடா உடம்பைச் சிலுப்ப வேண்டும். சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள், வெட்டலாம். சிலுப்பாமல் கத்தியைத் தொடக் கூடாது. இது எங்கள் பக்கத்தில் மாற்ற முடியாத வழக்கம்.

கடா சிலுப்பவில்லை. தன் கழுத்து மாலையை எட்டித் தின்றது.

மறுபடி ஊற்றினார். தண்ணீர் வயிற்று வழியாக ஒழுகியது. கடா அசையாமல் நின்றது.

"காதுல ஊதுங்க" என்றார் சம்பந்தி அம்மா. கொழுந்தன் ஊதினார். பிறகு அந்த அம்மாவே முன்னால் வந்து ஒரு சொம்பு முழுவதையும் கவிழ்த்தார். "இன்னா அழுத்தம் பாரு. சம்பந்தி, மனசுல இன்னா வச்சிகினுகீறீங்க? மனசார குடுத்தா வாங்கிக்காதா?"

நான் ஆபீசரிடம் ஒத்துக்கொண்டது அம்மனுக்குத் தெரிந்துவிட்டதோ? மகளின் முகம் சுருங்கிப்போய்விட்டது. குழந்தை வெயிலில் நெளிந்து அழ ஆரம்பித்தது. மொட்டை அடிப்பவர், "ஜல்தி ஆவட்டுங்க, இன்னொரு வூட்டுக்குப் போவணும்" என்றார்.

எல்லாரும் அவரைத் திரும்பிப் பார்த்த நேரத்தில் கடா முழங்காலை மடக்கிக் கம்பிக்கு அடியில் நுழைந்து உள்ளே போய்விட்டது. நேராகப் பலகைக்கல்லுக்குப் போனது. அதன் முன்னால் நின்று, தலையிலிருந்து வால் வரைக்கும் ஒரு சிலுப்பு சிலுப்பியது. மஞ்சள் தண்ணீர் நாலாபக்கமும் தெறித்தது. கல்லின் மேலும் தெறித்தது.

"குடுத்துட்ச்சி! உத்தரவு குடுத்துட்ச்சி!" என்று சம்பந்தி அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். "போய் இஸ்துகினு வாங்க."

கொழுந்தன் நகரவில்லை. "உள்ள வச்சி குடுத்துக்கீது உத்தரவு. உள்ள வெட்ட எனக்கு உத்தரவு இல்ல."

"வெளிய கொண்டாந்து வெட்டு."

"வெளிய அது சிலுப்பலியே. சிலுப்பாத எடத்துல எப்படிம்மா வெட்றது? பேஜாரா பூட்ச்சே!" என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். சம்பந்தி அம்மாவும் என்னைப் பார்த்தார். மகள் பார்த்தாள். புளியமரம் தூரத்தில் இருந்தது.

"கடாவ நான் குடுத்துட்டன்" என்று சொன்னேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. "அது அங்கதான் கீது. எப்ப எடுத்துக்கிறது, எடுத்துக்காம வுட்றது எல்லாம் அவ பாடு. புள்ள அழுவுது. மொட்ட அடிங்க."

யாராவது திட்டுவார்கள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. மொட்டை அடிப்பவர் குழந்தையின் தலையை நனைத்தார். சிக்குப் பிடித்த முடி கொத்துக்கொத்தாக என் மகன் வேட்டியில் விழுந்தது. சம்பந்தி அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கறிச்சாப்பாட்டுக்கு அரைத்து வைத்த மசாலாவில் உருளைக்கிழங்கைப் போட்டுக் குழம்பு வைத்தோம். அவர் மட்டும் சாப்பிடவில்லை. ஒரு டம்ளர் மோர் குடித்தார்.

கடா அதற்குப் பிறகும் பல மழைக்காலம் அங்கே மேய்ந்தது. அந்த ஆபீசர் மறுபடி வந்தபோது அதை அடையாளம் தெரிந்துகொண்டு விசாரித்தாராம். குழந்தைக்கும் எல்லாக் குழந்தைகளையும்போல ஜுரம் வந்தது, போனது. வந்தபோதெல்லாம் எனக்குக் கை கால் ஓடாது. போனபிறகு அம்மன் கணக்கைத் தீர்த்துக்கொண்டாள் என்று இருக்கும். அடுத்த தடவை வரும்வரை.

மொட்டை போட்ட அன்று சாயங்காலம் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே ஆட்டோவில் போய்விட்டார்கள். மகளையும் குழந்தையையும் பஸ் ஏற்றிவிட நான் போனேன். குழந்தை மொட்டைத் தலையில் சந்தனத்தோடு என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு முடி போனபிறகு அதன் தலை இத்தனை சின்னதா என்று பார்த்துக்கொண்டே நின்றேன்.

"அம்மா, வூட்டுக்குப் போனதும் கேப்பாங்க. இன்னா சொல்றது?" என்றாள் மகள்.

"குடுத்துட்டோம்னு சொல்லு."

"அம்மன் வாங்கிக்கிச்சான்னு கேட்டா?"

வந்தவாசி வண்டி வந்து நின்றது. கூட்டம் முட்டியது. குழந்தையை அவள் கையில் கொடுத்து, பையை மேலே தூக்கிக் கொடுத்தேன். இடம் பிடித்து உட்கார்ந்தவள் ஜன்னல் கம்பிக்கு அருகே முகத்தைக் கொண்டுவந்து அதையே மறுபடி கேட்டாள். வண்டி நகர்ந்தது. நான் தலையை ஆட்டினேன்.